கரகரத்த கைத்தட்டல்

ஊசி ரெக்கார்டைத் தொட்டதுமே வக்கீலம்மாவின் ஆபீஸ் ஜன்னல் கண்ணாடி நடுங்க ஆரம்பித்தது.

தும்... தும்... தும்... என்று தரைக்கு அடியிலிருந்து யாரோ கதவை இடிக்கிற மாதிரி ஒரு சத்தம். அதன்மேல் தகரத்தில் மணலைக் கொட்டுகிற மாதிரி இன்னொன்று. எங்கோ தூரத்தில் ஒரு சிந்தசைசர், வயிற்று வலிக்காரன் போல முனகிக்கொண்டிருந்தது. வார்த்தை இல்லை, பல்லவி இல்லை.

"இது பாட்டா மேடம்?" என்றான் ரேடியோ. "எங்க வீட்டு வாஷிங் மெஷின் இதைவிட ராகமா வாசிக்கும். துணியும் வெளுக்கும்."

வக்கீலம்மா அவனைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். அவன் அவளுடைய உதவியாளன். அந்தப் பெயர் அவனுக்கு எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை; அவனோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். அவளோ கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டுத் துப்பறிய வந்து வருஷங்கள் ஆகியும் ஊருக்கு வக்கீலம்மாதான்.

மேஜைக்கு எதிரே இரண்டு பேர். ஒருத்தி பஸ் டிரைவர். யூனிஃபார்மோடு, டியூட்டி முடிந்த கையோடு வந்திருந்தாள். கண்ணில் தூக்கமில்லாத சிவப்பு. பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் ஒல்லியாக, பதவிசாக உட்கார்ந்திருந்தவன் அவளுடைய இறந்துபோன அண்ணனின் நண்பன். பகலில் காது கேட்கும் கருவி விற்கிற கடை. மற்ற நேரத்தில் இந்த மாதிரி இசையே கதி. அந்த வட்டாரத்தில் அவனுக்குப் பட்டப்பெயர் பாம்புக்காது.

"இதோ, இப்ப வரும் பாருங்க." பாம்புக்காது விரலை உயர்த்தினான்.

வந்தது. பத்துப் பேர் ஒன்றாகக் கைதட்டியது போல ஒரு சத்தம். ஆனால் வால் பகுதியில் ஒரு கரகரப்பு, கூட்டத்தில் ஒருவன் மட்டும் சளியோடு தொண்டையைச் செருமியது போல.

"இதேதான்! இவங்க அண்ணன் ஃபியூஸோட டிரம் மெஷின். பத்து வருஷமா இந்தக் கைத்தட்டலைக் கேட்டுக்கிட்டிருக்கேன் மேடம். கடைசியில கரகரன்னு ஒரு இழுப்பு இழுக்குது பாருங்க, உலகத்துல வேற எந்த மெஷினுக்கும் அது வராது."

"எல்லா மெஷினும் ஒரே கம்பெனியில செஞ்சதுதானே?"

"இது அனலாக் மேடம். கம்ப்யூட்டர் சத்தம் போட்டோ மாதிரி, எத்தனை பிரிண்ட் போட்டாலும் ஒரே மூஞ்சி. இதுல அப்படி இல்லை. பட்டனை அமுக்கினா உள்ளே கரண்ட் ஓடி, அந்த நிமிஷத்துல சத்தம் பிறக்குது. பார்ட்ஸ் பழசாக ஆக ஒவ்வொண்ணுக்கும் ஒரு குரல் வந்துடும். ஒரே நாள்ல செஞ்ச ரெண்டு மெஷின்கூட அண்ணன் தம்பி மாதிரிதான். ஜாடை இருக்கும், குரல் வேற."

தங்கை குறுக்கிட்டாள். "எனக்கு இந்த இசையெல்லாம் தெரியாது மேடம். இரைச்சல்னு சொல்லித்தான் அவன்கூடச் சண்டை போடுவேன். இந்த அண்ணாதான் ரெக்கார்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். இதை வெளியிட்டவன் கொசு."

"கொசுவா?" ரேடியோ நிமிர்ந்தான். "அடிச்சா செத்துடுவானே, கேஸ் எதுக்கு?"

கொசு என்பவன் ஃபியூஸின் பரம வைரி. காதோரம் ரீங்கரிக்கிற மாதிரி சிந்தசைசர் வாசிப்பதால் அந்தப் பெயர். ஃபியூஸ் வாசித்தால் கட்டடத்தின் ஃபியூஸ் போகும். அதனால் அவனுக்கு அது. போஸ்டர் ஒட்டாமல், டிக்கெட் அடிக்காமல், கடைசி நேரத்தில் போனில் முகவரி அனுப்பி ஏதோ ஒரு கிடங்கின் கீழ்த்தளத்தில் கூடுகிற கூட்டத்துக்கு இருவரும் ராஜாக்கள். ஒரு காட்டில் இரண்டு சிங்கம்.

போன மழைக்காலத்தில் ஃபியூஸ் தன் கீழ்த்தள ஸ்டுடியோவில் மண்டை பிளந்து கிடந்தான். விலை உயர்ந்த சிந்தசைசர்கள் அப்படியே இருந்தன. டிரம் மெஷின் மட்டும் இல்லை. திருடன் இரும்புக் கம்பியால் அடித்துவிட்டு ஓடிவிட்டான் என்று எழுதிப் போலீஸ் கேஸ் கட்டைக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டது.

"என் அண்ணன் நல்லவன்னு சொல்ல வரலை மேடம்," என்றாள் தங்கை. "வாய் தேள். பெத்த அம்மாவையே அழவிட்டவன். ஆனா நாய் மாதிரி அடிபட்டுச் சாகணும்னு ஒருத்தனுக்கும் தலையெழுத்து கிடையாது. அடிச்சவனை எனக்குக் காட்டுங்க. அவன் மூஞ்சியை ஒரு தடவை பார்க்கணும்."

பாம்புக்காது அவள் தோளில் கைவைத்தான். "தங்கச்சி, அழாதே. கொசு தப்ப முடியாது. இனிமே அதெல்லாம் வக்கீலம்மா பாடு."

அவள் அழவில்லை என்பதை வக்கீலம்மா கவனித்தாள்.

*

காரில் ஏறியதும் ரேடியோ ஒலிபரப்பைத் தொடங்கினான். "ஃபியூஸ் போயிட்டான், மெஷின் போயிடுச்சு, கொசு ரத்தத்தைக் குடிச்சிட்டான். கேஸ் முடிஞ்சுது மேடம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடலாம்."

"பிரேதப் பரிசோதனை பண்ணின டாக்டர்கிட்ட இப்பதான் போன்ல பேசினேன்," என்றாள் வக்கீலம்மா. "அடிபட்ட உடனே சாகலையாம். ரொம்ப நேரம் உயிர் இருந்திருக்கு. யாராவது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்திருந்தா இன்னைக்கு நடமாடிட்டிருப்பான்னு சொன்னார்."

ரேடியோ கியரை மாற்ற மறந்தான். "தங்கச்சிக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீயும் வாயைத் திறக்காதே."

கொசுவின் ஸ்டுடியோ ஒரு பழைய அச்சகத்தின் அடியில் இருந்தது. இரும்புப் படி, ஈர வாடை, சுவரெல்லாம் ஆணி அடித்துத் தொங்கவிட்ட கம்பளிப் போர்வைகள். நடு அறையில் சிந்தசைசர்கள் குடலைச் சரித்துப் போட்டது போல வயர்களைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றன. சுடுபட்ட தூசியின் மணம். அவற்றுக்கு நடுவே கொசு ஒரு ஸ்டூலில் குந்தியிருந்தான். பெயருக்கு ஏற்ற கால்கள்.

"ஃபியூஸ் செத்ததுல எனக்கு வருத்தமில்லை," என்றான், உட்காரச் சொல்லாமலே. "சந்தோஷம்னே எழுதிக்கோங்க. போன வருஷம் என் அப்பா செத்த வாரம் வாசிக்க வந்தேன். 'அப்பனைப் புதைச்சியே, அந்தக் குழியிலயே உன் சிந்தசைசரையும் போட்டிருக்கலாமே'ன்னு மைக்ல சொன்னான். நான் கொல்லலை. கொன்னவன் வந்தா கைகொடுப்பேன்."

"அந்தக் கையில விலங்கு இருக்கும்," என்றான் ரேடியோ. "டிரம் மெஷின் எங்கே?"

"இதோ." கொசு மறைக்கக்கூட முயலவில்லை. ஒரு பெரிய சூட்கேஸ் அளவுக்கு இரும்புப் பெட்டி. வரிசையாகப் பட்டன்கள், தேய்ந்த குமிழ்கள். நம்பர் தகடு இருந்த இடத்தில் நான்கு துளைகள் மட்டும். அதிராமல் இருக்க அதன் அடியில் ஒரு சாம்பல் நிற ஸ்பாஞ்ச். மேலெல்லாம் குட்டிக் குட்டிக் கூம்புகளாக, முட்டை அட்டை மாதிரி.

"பழைய சாமான் கடையில வாங்கினேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் அங்கே நோண்டப் போவேன்னு இந்த ஊர்ல இசை வாசிக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். அந்த ஸ்பாஞ்சுல சுத்தித்தான் இருந்துது. கடைக்காரருக்கு இது என்னன்னே தெரியலை, ரொட்டி சுடுற மெஷின்னு நினைச்சிருக்கார்."

"இது ஃபியூஸோட மெஷின்," என்றாள் வக்கீலம்மா.

கொசு சிரித்தான். "சான்ஸே இல்லை. அவன் வாசிக்கிறதை முன்வரிசையில நின்னு கேட்டவன் நான். எதிரி என்ன பண்றான்னு எதிரிக்குத்தான் நல்லாத் தெரியும். இது அவனோடது இல்லை."

"பாம்புக்காது ஆமாங்கிறான். நீ இல்லேங்கிற."

"அப்போ ரெண்டு பேர்ல ஒருத்தனுக்குக் காது செவிடு. திறந்து வேணா பாருங்க. நான் உள்ளே கைவெக்கலை. கரகரப்பு எங்கே போயிடுமோன்னு பயம்."

அவனே திருப்புளியை எடுத்து நீட்டினான். ரேடியோ மூடியைக் கழற்றினான். பெட்டியின் ஒரு மூலை நசுங்கி, பிறகு உள்ளிருந்து தட்டி நிமிர்த்தப்பட்டிருந்தது. அந்த மூலைக்கு நேர் கீழே சர்க்யூட் பலகையில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். விரிசலைச் சுற்றிலும், பட்டன் இடுக்கு வழியாக வழிந்து காய்ந்துபோன பழுப்புக் கறை.

கொசுவின் முகம் சுண்ணாம்பானது. "இது... காபி கொட்டினதுன்னு..."

"காபியில முடி ஒட்டிக்கிட்டிருக்காது," என்றான் ரேடியோ. அவன் குரலில் இப்போது விளையாட்டு இல்லை.

இரும்புக் கம்பி என்று எதுவுமே இல்லை. ஃபியூஸை அடித்துக் கொன்றது அவனுடைய டிரம் மெஷின்தான்.

கொசு ஸ்டூலோடு பின்னால் நகர்ந்து சுவரில் முட்டினான். "ஐயோ, இதை வெச்சா நான் ரெக்கார்டு போட்டேன்..."

படியேறி வெளியே வந்ததும் ரேடியோ வெடித்தான். "ஆயுதம் அவன்கிட்ட, பகை அவன்கிட்ட, பொய்யும் அவன்கிட்ட! இது ஃபியூஸோட மெஷின் இல்லேன்னு முகத்துக்கு நேரா புளுகினான். இன்னும் என்ன யோசனை மேடம்?"

"புளுகுறவன் திருப்புளியை எடுத்து நீட்டுவானா?" வக்கீலம்மா போனை எடுத்துத் தங்கையை அழைத்தாள். "உங்க அண்ணன் வாசிச்சது ஏதாவது உங்ககிட்ட இருக்கா? எதுவா இருந்தாலும் பரவாயில்லை... ஓ. அதை அழிக்கலையே? நல்லது. உடனே அனுப்புங்க. கிளம்பிக் காது கடைக்கு வந்துடுங்க."

பிறகு இன்ஸ்பெக்டரை அழைத்தாள்.

*

காது கேட்கும் கருவிக் கடை கண்ணாடியும் வெள்ளையுமாக, பல் டாக்டர் அறை மாதிரி சுத்தமாக இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் காதுகள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. பாம்புக்காது ஒரு வாடிக்கையாளருக்குக் கருவி பொருத்திக்கொண்டிருந்தான்.

"முதல்ல எல்லாம் தகரம் தட்டுற மாதிரிதான் இருக்கும் சார். கழட்டி வெச்சுடாதீங்க. தினமும் போட்டுக்கிட்டே இருந்தா, கொஞ்ச நாள்ல அதுதான் உங்களுக்குச் சரியான சத்தம். பழசு எப்படி இருந்துச்சுன்னு கேட்டாக்கூட உங்களால சொல்ல முடியாது. காது அவ்வளவு சீக்கிரம் மறந்துடும்."

வாடிக்கையாளர் போனதும் வக்கீலம்மா புன்னகையோடு உள்ளே போனாள். "வாழ்த்துகள். நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. மெஷின் கொசுகிட்டதான் இருக்கு. உள்ளே ரத்தம்கூட இருக்கு."

"கடவுள் இருக்கார் மேடம்!"

"ஆனா கோர்ட்டுல கேட்பாங்க, ஒருத்தன் சத்தத்தை வெச்சு மெஷினை அடையாளம் சொன்னா எப்படி நம்புறதுன்னு. அதனால இங்கேயே ஒரு பரீட்சை வெச்சிடலாம். இன்ஸ்பெக்டர் சாட்சி."

காதைப் புகழ்ந்தால் போதும், பாம்புக்காது படமெடுத்து ஆடிவிடுவான். கடையின் பின்புறம் இருந்த சோதனை அறைக்குள் அவனே போய் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டான். தடித்த கதவு, சின்னக் கண்ணாடி ஜன்னல், சுவர் முழுக்கச் சாம்பல் நிறக் கூம்பு ஸ்பாஞ்ச். கையில் அமுக்குகிற பட்டன். தினமும் மற்றவர்களை உட்காரவைத்துச் சோதிக்கிற நாற்காலி அது.

வெளியே கருவிப் பலகைக்கு முன்னால் ரேடியோ. அவன் பின்னால் இன்ஸ்பெக்டர். மூலையில் நின்ற தங்கையிடம் வக்கீலம்மா இன்னொரு ஹெட்போனை நீட்டினாள். "மாட்டிக்கோங்க. வலிக்கும்."

முதல் கைத்தட்டல் ஒலித்தது. பளிச்சென்று, கன்னத்தில் அறைந்தாற்போல. பாம்புக்காது அசையவில்லை. இரண்டாவது, கொசுவின் ரெக்கார்டிலிருந்து. கரகரப்பு முடிவதற்குள் பட்டன் விளக்கு எரிந்தது.

"இதுதான் ஃபியூஸோட மெஷின்!" ஸ்பீக்கரில் அவன் குரல் வந்தது.

"முதல்ல போட்டது?"

"அது வேற ஏதோ மெஷின். பேருக்குத் தட்டுது, உயிரே இல்லை. யாராவது காப்பி அடிச்சதா இருக்கும்."

"நிச்சயமா?"

"என் காதை அடமானம் வெக்கிறேன் மேடம்."

"ரேடியோ, முதல்ல போட்டதை முழுசாப் போடு."

அதே பளிச்சென்ற கைத்தட்டல் நான்கு முறை. அப்புறம் அதன்மேல் ஒரு ஆண் குரல், கேலியும் அவசரமுமாக: "ஏய் எருமை! கேக்குதா? உன் பஸ் ஹாரனைவிட இது தேவலாம். டியூட்டி முடிஞ்சதும் இந்தப் பக்கம் வந்துட்டுப் போ."

தங்கை கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவன் செத்த அன்னைக்கு மத்தியானம் தங்கச்சிக்கு அனுப்பினது," என்றாள் வக்கீலம்மா மைக்கில், மெதுவாக. "மெஷின் அவன் கையில இருந்தவரைக்கும் கைத்தட்டல் இப்படிப் பளிச்சுன்னுதான் இருந்துது. கொசு பொய் சொல்லலை, அவனுக்குத் தெரிஞ்ச ஃபியூஸ் சத்தம் இது. கரகரப்பு வந்தது மெஷின் மண்டையில இறங்கி விரிசல் விட்ட பிறகுதான். அதுக்கப்புறம் ஃபியூஸ் அதை வாசிக்கலை. அப்போ பத்து வருஷமா நீங்க எந்தக் கரகரப்பைக் கேட்டீங்க?"

கண்ணாடிக்குப் பின்னால் முகம் இறுகியது. "ஏதோ ஞாபகப் பிசகு..."

"பிசகு இல்லை, பழக்கம். மாசக்கணக்கா இதை ஒளிச்சுவெச்சுத் தினமும் வாசிச்சிருக்கீங்க. புதுச் சத்தம் காதுல ஊறி, பழசு மறந்துபோச்சு. அப்புறம் கொசு மேய வர்ற கடையில கொண்டுபோய் வெச்சீங்க. ஆயுதமும் கைவிட்டுப் போகும், பழியும் கொசு மேல விழும். ஒரே கல்லுல ரெண்டு மாங்காய். உங்களுக்கு இடதுபக்கம், முழங்கைக்குக் கீழே பாருங்க. ஒரு ஸ்பாஞ்ச் மட்டும் புதுசா, வெளிறலா இருக்கு. அங்கே இருந்த பழைய ஸ்பாஞ்ச் இப்போ கொசு ஸ்டுடியோவுல மெஷினுக்கு மெத்தையா இருக்கு."

"ஸ்பாஞ்ச் எந்தக் கடையிலயும் கிடைக்கும்!"

"கிடைக்கும்," என்று வக்கீலம்மா ஒப்புக்கொண்டாள். உள்ளே இருந்தவன் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவள் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள், மைக்கை அணைக்காமலே. "அது போகட்டும். மெஷின் சட்டப்படி தங்கச்சிக்குச் சேரணும். ரத்தத்தைச் சுரண்டி எடுத்ததும் ஒரு மெக்கானிக்கிட்ட குடுத்து அந்த விரிசலைச் சரிபண்ணிடலாம். உடைஞ்ச சாமான்தானே. பழையபடி பளிச்சுன்னு—"

"தொடாதீங்க!"

ஸ்பீக்கர் அலறியது. பாம்புக்காது எழுந்து நின்று இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடியில் அறைந்திருந்தான்.

"அது உடையலை! அன்னைக்குத்தான் அதுக்கு உயிரே வந்துது!"

சொன்னதை அவனே கேட்டான். எதிரொலி இல்லாத அறை. வார்த்தை எங்கேயும் போய் ஒளியவில்லை. மெல்ல உட்கார்ந்தான். அவன் முகத்தில் பயம் வரும் என்று ரேடியோ காத்திருந்தான். வந்தது நிம்மதி.

"பத்து வருஷம் மேடம். வயர் சுத்தினேன், பெட்டி தூக்கினேன். ஒரே ஒரு தடவை அதுல கைவெக்க விடுடான்னு கேட்டேன். 'உனக்குக் காதைப் படைச்சவன் கையைப் படைக்க மறந்துட்டான்'னு மைக்ல சொல்லிட்டான். கூட்டமே சிரிச்சுது. மறுநாள் ஸ்டுடியோவுல குனிஞ்சு பிளக்கைச் சொருகிட்டிருந்தான். மெஷின் என் கையில இருந்துது."

"அடிச்சீங்க."

"அடிச்சதும் ஐயோ மெஷின் போச்சேன்னுதான் தோணுச்சு. ஆன் பண்ணிப் பார்த்தேன். ஓடுச்சு. கைத்தட்டல் அந்தக் கரகரப்போட வந்துது பாருங்க..." அவன் கண்கள் பளபளத்தன. "என் ஆயுசுல எனக்குன்னு கைதட்டினது அது ஒண்ணுதான். அப்படியே தரையில உட்கார்ந்து வாசிச்சேன். அவ்வளவு நல்லா நான் வாசிச்சதே இல்லை."

இன்ஸ்பெக்டர் கதவை நோக்கி நகர்ந்தார். தங்கை கையை நீட்டி அவரைத் தடுத்தாள். ஹெட்போனோடே வந்து, ரேடியோவை நகர்த்திவிட்டு மைக்குக்கு முன்னால் குனிந்தாள். அவன் மூஞ்சியைப் பார்த்தாள். எல்லாம் முடியும்வரை அண்ணனின் உடம்போடு கூடவே நின்று, அவளுக்குத் தண்ணீர் கொடுத்த மூஞ்சி.

"நீ வாசிக்கும்போது அவன் உயிரோட இருந்தானா?"

அதுவரை அவள் அவனை அண்ணா என்றுதான் கூப்பிட்டு வந்தாள்.

"இருந்தான்."

"ஏதாவது சொன்னானா?"

பாம்புக்காது யோசித்தான். ஒரு வாத்தியத்தின் சுருதியை நினைவுபடுத்துகிறவன் மாதிரி தலையைச் சாய்த்து யோசித்தான்.

"'தங்கச்சிக்குப் போன் போடுடா'ன்னான். விடாம அதையே சொல்லிக்கிட்டிருந்தான். தாளத்துல ஒட்டாம நடுநடுவே."

"நீ என்ன பண்ணே?"

"சத்தத்தைக் கூட்டினேன்."